கடலின் கணக்கும் கமுக்கமும்

நிலத்தை உழுபவனின் விளைச்சல் ஊரார் கண்ணெதிரே கதிர்விட்டு நிற்கும். கடலை நம்பி வாழ்பவனின் விளைச்சலோ அலைகளுக்கு அடியில் மறைந்து கிடக்கிறது. வேலியிட முடியாத அந்த வயலில் மீனவனுக்கென்று உள்ள உடைமை ஒன்றுதான். எந்தப் பருவத்தில், எந்த நீரோட்டத்தில், எந்தப் பாரின் ஓரத்தில் மீன் திரளும் என்னும் அறிவே அது. தந்தை அதை மகனுக்குச் சொல்வான்; அடுத்த படகுக்காரனுக்குச் சொல்லமாட்டான்.

அந்த அறிவைத்தான் அரசு கேட்கிறது. படகுகள் கரை சேரும் வேளையில் கணக்கெடுப்பாளர் படிவத்துடன் துறையில் நிற்கிறார். எத்தனை நாள் கடலில் இருந்தீர்கள்? எந்த வலை? எந்தப் பகுதி? எந்த மீன் எத்தனை கிலோ? என்ன விலைக்குப் போனது? கேள்விகள் எளியவை, விடைகளிலோ ஒரு குடும்பத்தின் வரவும் கடனும் அடங்கிக் கிடக்கின்றன.

கேட்பதில் தவறில்லை. கணக்கில்லாத களஞ்சியம் ஒருநாள் காலியாகும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் ஐந்நூறு ஆண்டுகளாக அள்ளப்பட்டு வந்த காட் மீன் அருகிப்போனதால், 1992 ஜூலையில் அரசு அம்மீன்பிடியை நிறுத்தியது. பல்லாயிரவர் ஒரே நாளில் பிழைப்பிழந்தனர். கடலில் எஞ்சியிருந்த மீனைப் பற்றிய மதிப்பீடு உண்மைக்கு மிக உயரத்தில் இருந்ததும் அத்துயரத்திற்கு ஒரு காரணம்.

ஆயினும், கணக்கு என்பது தானாக விளைவதன்று. ஒருவன் வாய் திறந்து சொன்னால்தான் விளையும். அவன் சொல்வது நாளை எதற்குப் பயன்படும் என்பதை எண்ணிப் பார்த்தே சொல்வான். வரிக்குப் பயன்படும் என்று அஞ்சினால் நூறு கிலோ அறுபதாகும். போட்டியாளன் காதுக்குப் போகும் என்று ஐயுற்றால் வடக்கே பிடித்த மீன் தெற்கே பிடித்ததாகும். மாறாக, எண்ணைக் கூட்டினால் நன்மை என்றால் எண் ஊதிப் பெருக்கும். சீனாவின் கடல் மீன்பிடிக் கணக்கு மிகையானது என்றும், அந்த மிகையே உலகின் மொத்த மீன்பிடி சரிந்துவருவதை மறைத்தது என்றும் வாட்சன், பாலி என்னும் இரு ஆய்வாளர்கள் 2001இல் எடுத்துக்காட்டினர். உற்பத்தி உயர்ந்தால் அதிகாரிக்குப் பதவி உயரும் என்னும் நிலை அங்கே எண்களை வளர்த்திருந்தது. அச்சம் எண்ணைச் சுருக்கும். ஆசை எண்ணைப் பெருக்கும். நம்பிக்கை ஒன்றே எண்ணை உள்ளபடி நிறுத்தும்.

அந்த நம்பிக்கைக்கு உலகம் ஒரு வாக்குறுதி வகுத்திருக்கிறது. ஐக்கிய நாடுகளின் புள்ளிவிவர ஆணையம் 1994இல் ஏற்று, பொதுப்பேரவை 2014இல் உறுதிசெய்த அடிப்படை நெறிகளுள் ஆறாவது நெறி அது. தனியொருவர் தந்த தகவல் கமுக்கமாகக் காக்கப்பட வேண்டும்; புள்ளிவிவரத்துக்கன்றி வேறெதற்கும் பயன்படலாகாது.

பெயரை அழித்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. சிற்றூரொன்றில் இழுவைப் படகு ஒன்றே ஒன்று இருந்தால், 'இவ்வூர் இழுவைப் படகுகளின் மொத்தப் பிடி' என்று அச்சாகும் எண் அந்த ஒருவரின் கணக்கன்றி வேறென்ன? இருவர் இருந்தாலோ, ஒவ்வொருவரும் தம் பங்கைக் கழித்து மற்றவர் பங்கை அறிந்துகொள்வர். ஆகவேதான் அமெரிக்க மீன்வளத் துறையினர், மூவருக்குக் குறைந்தோரின் கணக்கைத் தனித்து வெளியிடுவதில்லை. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. மூன்று ஊர்களின் மொத்தம் நூறு டன், இரண்டின் கூட்டுத்தொகை எண்பது என்று அச்சிட்டுவிட்டு மூன்றாவதைக் கோடிட்டு மறைத்தால், தொடக்கப்பள்ளி மாணவனும் இருபது என்று சொல்லிவிடுவான். ஒன்றை மறைக்க இன்னொன்றையும் மறைக்க வேண்டும். அல்லது ஊர்களைச் சேர்த்து ஒரே எண்ணாக்க வேண்டும்.

மலேசியாவில் 1965ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சட்டம், அதன்படி திரட்டப்படும் தனியார் விவரங்களுக்குக் காவலாக நிற்கிறது. ஆனால் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்துவதில்லை. 2025 ஏப்ரலில் நடப்புக்கு வந்த தரவுப் பகிர்வுச் சட்டமோ, கூட்டரசுத் துறைகள் நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தம்முள் தகவல் பகிர வழிவகுத்துள்ளது. அதனால் வேலை விரையும், செலவு குறையும், உண்மைதான். எனினும், மீனைக் காப்பதற்கென்று கேட்டுப் பெற்ற விடை வேறொரு மேசைக்குப் போகுமானால், அடுத்த முறை அந்தத் துறையில் கிடைக்கும் விடை எத்தகையதாக இருக்கும்?

கமுக்கம் குற்றவாளிக்குக் குடையாகாதா என்னும் வினாவும் நியாயமானதே. கரையோரச் சிறு மீனவரின் எல்லைக்குள் புகுந்து வாரும் இழுவைப் படகைத் தண்டிக்கத்தான் வேண்டும். அதற்குச் சுற்றுக்காவல் படகும் உரிமச் சோதனையும் இருக்கின்றன. காவலரின் வேலையைக் கணக்கெடுப்பாளரின் தலையில் ஏற்றினால், குற்றமும் பிடிபடாது, கணக்கும் கெடும்.

கடல் பொதுச்சொத்து, ஆதலால் அதன் மொத்தக் கணக்கு மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். மீனவனின் உழைப்பும் அறிவும் அவனுடையவை. ஆதலால் அவனது தனிக்கணக்கு மூடியிருக்க வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறிந்து காக்கும் அரசுக்கே கடல் தன் உண்மையைச் சொல்லும்.