பெயரில்லாத கட்டம்

மயிலம் சாலையில் சேதராப்பட்டைத் தாண்டும்போது புதுச்சேரி எங்கே முடிகிறது, தமிழ்நாடு எங்கே தொடங்குகிறது என்பதை மதுக்கடைகளை வைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்கு இரு பக்கத்து ஜனங்களும் வருகிறார்கள். சென்ற மழைக்காலத்தில், அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து என் நண்பனின் தாயார் வந்தார். பாஸ்புக்கைப் பதிந்து வாங்கிக்கொண்டு, துணிப்பையிலிருந்து ஒரு மடிக்கணினியை எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

"இதுலதான் ராத்திரியெல்லாம் எழுதிக்கிட்டிருப்பான், தம்பி. என்ன இருக்குன்னு பாத்து எடுத்துக் குடுப்பா. போட்டோ ஏதாச்சும் இருந்தா அழிச்சிடாத."

நண்பன் இறந்தது 2021 மே மாதத்தில்.

கணினி எனக்குப் பரிச்சயமானதுதான். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், திண்டிவனத்தில் பி.ஏ. படிக்கையில் எங்கள் இருவருக்கும் கிடைத்தது. அதில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். மற்றது பாஸ் லினக்ஸ்; டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கி 2007இல் வெளியிட்டது. பொத்தானை அழுத்தியதும் எதற்குள் போகிறாய் என்று ஒரு கறுப்புத் திரை கேட்கும். இந்தக் கேள்வி பலருக்கு அநாவசியமாகப் பட்டது. ஒரு மாதத்துக்குள் லினக்ஸை அழித்துச் சினிமாவுக்கு இடம் பண்ணிக்கொண்டார்கள். நானும் அழித்தேன். அவன் மட்டும் படம் பார்க்க விண்டோஸ், எழுத லினக்ஸ் என்று வைத்துக்கொண்டான். 2010 ஜூனிலேயே அரசு யூனிகோடை ஏற்றுவிட்டிருந்தும் எங்களில் பலர் பாமினியிலும் வானவில்லிலும் தட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஒருவன் எழுதியது இன்னொருவன் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து விழும். அவன் எழுதியது எங்கும் தமிழாகவே திறந்தது.

2014இல் விண்டோஸ் பழுதாகி ஒரு கடையில் கொடுத்தான். புதிதாகப் போட்டுத் திருப்பித் தந்தார்கள். கறுப்புத் திரை காணாமல் போயிருந்தது. இரண்டு வருஷத்துக் கவிதைகளும் போயின என்று அவன் நம்பினான். நானும் நம்பினேன்.

உண்மையில் நடந்தது வேறு. இந்த வகைக் கணினியில் வட்டின் முதல் 512 பைட்டுகள்தான் வாசல். அதில் 446 பைட்டுகள் இயங்குதளத்தை எழுப்பும் நிரலுக்கு. அடுத்த 64 பைட்டுகளில் நான்கு பகுதிகள்வரை எது எங்கே என்ற அட்டவணை. கடைசி இரண்டு வெறும் முத்திரை. விண்டோஸை மறுபடி நிறுவினால் அந்த 446இல் தன் நிரலை எழுதிவிடுகிறது. அங்கிருந்த க்ரப் அழிகிறது. வீட்டை இடிக்கவில்லை, மாடிப்படியை மட்டும் எடுத்துவிட்டார்கள். விண்டோஸுக்கோ லினக்ஸின் கோப்பமைப்பைப் படிக்கத் தெரியாது. வட்டு மேலாண்மைத் திரையில் அந்தப் பகுதி பெயரோ எழுத்தோ இல்லாத ஒரு கட்டமாக மட்டும் தெரியும். அதன்மேல் வலது பொத்தானை அழுத்தினால் 'அழி' என்கிற கட்டளை ஒன்றுதான் செயல்படும்.

அவன் அந்தக் கவிதைகளை ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதி 2016இல் தொகுப்பாகப் போட்டான். அப்படி எழுதியவை என்று யாரிடமும் சொல்லவில்லை. நான் மதிப்புரை எழுதினேன். கவிதை நிகழ்ந்த இடத்தில் கவிஞர் இருந்ததாகத் தெரியவில்லை, பிறகு வந்து விசாரித்து எழுதியிருக்கிறார் என்பது என் அபிப்பிராயம். "சரியாத்தான் சொல்லியிருக்க" என்றான். அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு அவன் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவிலிருந்து டெபியனை இயக்கி வட்டைத் திறந்தேன். அந்தப் பகுதி அப்படியே இருந்தது. நாற்பத்தொரு கோப்புகள். எல்லாவற்றையும் முதலில் நகலெடுத்தேன். தொகுப்பை எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டேன். அச்சில் 'வெறுமை' என்று இருந்த இடத்தில் இங்கே தொழிற்பேட்டை எடைமேடையில் காத்து நிற்கும் லாரி இருந்தது. 'காலம்' என்று இருந்த இடத்தில் இரவு ஷிப்ட் முடிந்து வந்த அண்ணனின் டிபன் பாக்ஸ். மூன்று கவிதைகளில் ஞாபகம் செய்த வெட்டு நல்ல வெட்டு, அதையும் சொல்ல வேண்டும். மற்றவற்றில் நான் குறை சொன்னது சரி. ஆனால் குறை யாருடையது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை, கேட்கவும் இல்லை.

லினக்ஸை மட்டும் வைத்து மற்றதைத் துடைத்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. விண்டோஸ் 7க்கான ஆதரவே 2020 ஜனவரியில் முடிந்துவிட்டது. ஆனால் புகைப்படங்கள் அந்தப் பக்கம்தான் இருந்தன. அவன் தங்கை கல்யாணத்து வீடியோவும். க்ரப்பை மட்டும் முதல் இடத்தில் திரும்ப எழுதினேன். கறுப்புத் திரை வந்தது, இரண்டு பெயர்களோடு.

ஒரு தொந்தரவு மிஞ்சியது. கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது, லினக்ஸ் வேறு ஏற்பாடு இல்லையென்றால் உலகப் பொது நேரமாக. பென்டிரைவிலிருந்து இயங்கிய டெபியன் இணையத்தைப் பார்த்து நேரத்தைத் திருத்தி வைத்துவிட, விண்டோஸுக்குள் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நின்றது. அவனுடைய லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றி, கடிகாரத்தைச் சரிசெய்தேன்.

அம்மாவிடம் கணினியை ஒப்படைக்கப் போனபோது நடையில் உட்கார்ந்து இரண்டு முறை திறந்து காட்டினேன். மேலே இருப்பது அவன் எழுத்து, கடைசியில் இருப்பது படங்கள். "கண்ணாடி போட்டுப் பாக்குறதுக்குள்ள தானா உள்ள போயிடுதே, தம்பி" என்றார். பத்து வினாடி காத்திருக்கும்படி இருந்ததை அறுபதாக மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.