மதுமேடைக்கு மூன்று வரைபடங்கள்

குடிப்பது கூடுமா, கூடாதா என்பது பழைய வழக்கு. அதை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. குடிக்கும் இடம் ஒரு வீட்டினுள் எவ்வாறு அமைய வேண்டும் என்பதே என் முன் வந்த வினா. சிரம்பானில் என் மகன் வாங்கியுள்ள வரிசை வீட்டின் அகலம் 22 அடி. உணவறையை ஒட்டி மதுமேடை ஒன்று அமைக்க விரும்பி, தச்சர் வரைந்த மூன்று படங்களை என்னிடம் காட்டினான்.

அளவுகள் மூன்றிற்கும் பொதுவே. மேடையின் உயரம் 42 அங்குலம். இருக்கையின் உயரம் 30 அங்குலம். ஒருவர் அமர 2 அடி அகலம். ஊற்றுபவர் உள்ளே நின்று திரும்ப 3 அடி.

'ப' வடிவம் முதலிலேயே கழிந்தது. இரு பக்க மேடைகளும் நடுவழியும் சேர்ந்து 7 அடி. இருபுறமும் இருக்கைகள் போட்டால் 12 அடி. வீட்டில் பாதிக்குமேல் அதற்கே போய்விட்டால் சோறு உண்பது எங்கே?

சுவரோடு ஒட்டிய நேர்மேடை மகனுக்குப் பிடித்திருந்தது. செலவு குறைவு, இடமும் மிச்சம். ஆனால் அதில் அமர்பவர் சுவரைப் பார்த்தே அமர வேண்டும். வீட்டார் காண்பது அவருடைய முதுகை மட்டுமே.

அம்முதுகை நான் அறிவேன். எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடை, குடியிருப்பு வரிசைகளுக்கு எட்டத்தில், இரப்பர் மரங்களை நோக்கி நின்றது. சம்பள நாளன்று அம்மா என்னை அங்கே அனுப்புவார். வரிசையாகத் தெரியும் முதுகுகளில் அப்பாவினுடையது எது என்று தேடுவேன். கண்டுகொண்டபின்னும் அழைக்க நா எழாது. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. போருக்குப்பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின்முன் மறியல் செய்தனர். இவற்றை வகுப்பில் வரலாறாகச் சொல்லியிருக்கிறேன். அந்த முதுகைப்பற்றி மகனிடம்கூட அதுவரை சொன்னதில்லை. அன்று சொன்னேன். அவன் படத்தை மடித்து வைத்துவிட்டான்.

எஞ்சியது 'ட' வடிவம். நீண்ட பக்கம் உணவறையை நோக்கும். குறுகிய பக்கம் அடுக்களை வாயிலைத் தொடும். ஊற்றுபவர் கோணத்தில் நின்றால் வீடு முழுவதும் அவர் கண்ணிற்படும். அவரும் எல்லார் கண்ணிலும் படுவார். அடுக்களைத் தொட்டி அருகிலிருப்பதால் தனியே தண்ணீர்க்குழாய் இழுக்கும் செலவும் இல்லை. தச்சருக்கு மட்டும் வருத்தம்: மூலையில் பலகைகள் கூடும் இடமே கடினமான வேலையாம்.

மருமகள் அதுவரை வாய் திறக்கவில்லை. பிறகு, "மாமா, எந்த வடிவமானாலும் சரி. அவர் எத்தனை ஊற்றுகிறார் என்பது எனக்குத் தெரிய வேண்டும். புட்டிகள் பிள்ளைகளுக்கு எட்டக்கூடாது," என்றாள். மகன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

ஆகவே புட்டிகளுக்குத் திறந்த கண்ணாடித் தட்டுகள் வேண்டாம் என்றாயிற்று. குறுகிய பக்கத்தின் கீழே கதவும் பூட்டும் உள்ள அலமாரி வைக்கச் சொல்லியிருக்கிறோம். மேடை அடுத்த மாதம் வருகிறது. சாவி யாரிடம் இருப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.