மல்லசந்திரத்து வீடுகள்

ஒசூர் சிப்காட் நெரிசலைத் தாண்டிக் கிருஷ்ணகிரி பக்கம் வருகிறவர்கள் சூளகிரியில் டீ குடித்துவிட்டு நெடுஞ்சாலையோடு போய்விடுகிறார்கள். உள்ளே மல்லசந்திரம் என்றொரு ஊர் இருப்பதும், அதன் மலைமேல் நூற்றுக்கும் மேற்பட்ட கல்திட்டைகள் நிற்பதும் அவர்களுக்குத் தெரியாது. இரும்புக்கால ஈமச்சின்னங்கள் இவை. ஊர் வழக்கில் பாண்டவர் வீடு.

வயது கேட்பீர்கள். பர்கூர் அருகே மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். அன்றிலிருந்து மாவட்டத்துக் கல்திட்டைக்கெல்லாம் 4,200 வயது என்று மேடையில் முழங்குகிறார்கள். அந்தத் தேதி மயிலாடும்பாறைக்கு உரியது. மல்லசந்திரத்துக்கு அதை இரவல் தர முடியாது. சில திட்டைகளுக்குள் இருக்கும் வெண்ணிற ஓவியங்களும் கல் நட்ட காலத்தவையே என்று வாதிடும் அறிஞர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. கல் நட்ட பிறகு வரைந்தார்கள், அவ்வளவுதான் உறுதி. எத்தனை தலைமுறை கழித்து?

நான் போனால் நேரே போவது இடுதுளையிடம்தான். பலகைக்கல்லில் வட்டமாகக் குடைந்த வாசல் அது. பின்னாளில் இறந்தவர்களின் எலும்பையும் உள்ளே வைக்கத்தான் அந்த வழி என்பார்கள். பக்கப் பலகைகள் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்கின்றன. சாந்துப் பூச்சு கிடையாது. மேலே கனத்த மூடுகல். வெளியே சுற்றிலும் நட்ட பலகைகளைப் பாருங்கள்: ஒன்றின் உச்சி அரைவட்டம், இன்னொன்றின் உச்சி தட்டை. பாரம் தாங்க அந்த வளைவு தேவையே இல்லை. கருங்கல்லை அப்படி வளைத்து எடுக்க எத்தனை நாள் உட்கார்ந்து கொத்தினார்களோ, செத்தவருக்காக!

சீனாவின் லியாவோனிங் மாகாணத்திலும் கல்திட்டைகள் உண்டு. தென்கொரியா தன்னுடையவற்றுக்கு 2000-லேயே யுனெஸ்கோ உலக மரபுப் பட்டம் வாங்கிவிட்டது. இங்கே புதையல் ஆசையில் மூடுகல்லைப் புரட்டிப் போடுகிறார்கள். தங்கமா இருக்கும், ஐயா? பானை ஓடும் துருப்பிடித்த இரும்பும்தான். பலகையில் காதலர் பெயர்கள் பெயிண்டில். போதாக்குறைக்கு, மாவட்டமே கிரானைட் குவாரிக்குப் பேர்போனது. குவாரி அதிர்வில் ஒரு திட்டையின் பலகை சரிந்தால் மீதிப் பலகைகளுக்கு முட்டு போய்விடும் என்பது எவருக்கும் உறைக்கவில்லை.

ஒவ்வொரு திட்டைக்கும் எண் கொடுத்து, படம் எடுத்து, சர்வே எண்ணோடு வருவாய்க் கணக்கில் ஏற்றுங்கள். அக்கம்பக்கத்தில் எந்தக் குவாரி உரிமத்தைப் பற்றியும் அதற்குப் பிறகு பேசுங்கள். பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று: செல்ஃபிக்காக மூடுகல்மேல் ஏறாதீர்கள்.