புண்ணாக்கு என்று இனி யாரையும் திட்டாதீர்கள்!

ஆபீஸில் ஒருத்தரை மட்டம் தட்ட வேண்டுமானால் நாம் சட்டென்று எடுக்கிற வார்த்தை 'புண்ணாக்கு'. "அவன் கெடக்கான், புண்ணாக்கு!" என்று சொல்லிவிட்டு நேராக கேன்டீனுக்குப் போய் ஸ்ட்ராங்காக ஒரு காபி அடிக்கிறோம். அந்தக் காபியில் பெரும்பங்கு பால். அந்தப் பாலுக்கு மூலதனமே நாம் கேவலமாகப் பேசின அதே புண்ணாக்குதான்! நம்பிக்கை இல்லாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தர்மபுரி மாவட்டம் கம்பைநல்லூருக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம்.

சென்னை - சேலம் ரயில் பாதையில் மொரப்பூர் என்று ஒரு ஸ்டேஷன். எல்லா எக்ஸ்பிரஸும் மரியாதை கொடுத்து நிற்காது. நிற்கிற வண்டியாகப் பார்த்து ஏறி, இறங்கி, பஸ் பிடித்தால் கம்பைநல்லூர். ஜன்னலோர சீட் கிடைத்தால் யோகம். மரவள்ளி, தென்னை, நடுவில் ஒரு மானாவாரிக் காடு, அப்புறம் மறுபடியும் மரவள்ளி. ஊர்ப் பெயரிலேயே ஒரு ஆறு. போய்ச் சேருவது தென்பெண்ணையில். 'ஆறு இருக்கிறதா?' என்று கேட்கலாம். 'தண்ணீர் இருக்கிறதா?' என்று கேட்டால் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வந்துவிடும். வறண்ட சீமை சார்! மழை ஏமாற்றினாலும் மாடு ஏமாற்றாது என்கிற நம்பிக்கையில்தான் பாதிக் குடும்பம் ஓடுகிறது.

இந்தப் பக்கத்தின் சொந்த மாடு ஆலம்பாடி. ஏருக்கும் வண்டிக்கும் பெயர் போனது. கறவை என்று எடுத்துக்கொண்டால் கன்றுக்குப் போக நமக்கு ஒரு டம்ளர் மிஞ்சினால் அதிகம். அதனால் இப்போது கொட்டகையில் நிற்பதெல்லாம் ஜெர்சி கலப்பு. பத்து லிட்டர் கொடுக்கும். அதற்கேற்ற மாதிரி சாப்பிடும்!

காலை ஐந்தரை மணி. பால் சொசைட்டி வாசலில் கேனும் தூக்குப்போசியுமாக ஒரு கூட்டம். ஒவ்வொருத்தர் பாலிலும் கொஞ்சம் எடுத்து மெஷினில் வைக்கிறார்கள். கொழுப்பு இத்தனை, எஸ்.என்.எஃப். இத்தனை என்று கணக்கு வருகிறது. (எஸ்.என்.எஃப். என்றால் பாலில் கொழுப்பையும் தண்ணீரையும் கழித்துவிட்டு மிச்சம் இருக்கிற சத்து.) பணம் இந்த இரண்டையும் வைத்துத்தான். 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 35 ரூபாய் ஆனது. 2023 டிசம்பரில் அரசு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்தது.

"பால்ல கொழுப்பு ஏறினாத்தான் சார் எங்களுக்குக் கொஞ்சம் கொழுப்பு ஏறும்" என்கிறார் துண்டால் முகம் துடைத்துக்கொண்டே ஒருவர். வரிசையே சிரிக்கிறது. சிரிப்புக்குப் பின்னால் விஷயம் இருக்கிறது. மாட்டுக்குப் போடுகிற தீவனம்தான் செலவிலேயே பெரிய செலவு.

அப்படி என்னதான் போடுகிறார்கள்? கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு முழுச் சாப்பாட்டு இலையே இருக்கிறது. காய்ந்த ரகத்தில் ராகித்தாள், சோளத்தட்டு, கடலைக்கொடி. பச்சையில் கோ-4 புல், வரப்பில் அறுத்த புல், வேலியில் ஒடித்த அகத்தி, சவுண்டல். அடர்தீவனத்தில் தவிடு, பருத்திக்கொட்டை, கடலைப் புண்ணாக்கு, மூட்டையில் வருகிற குச்சித் தீவனம். சேகோ ஃபேக்டரியில் மரவள்ளியைப் பிழிந்த பிறகு கிடைக்கிற திப்பியும் உண்டு. கணக்கு என்னவென்றால், மாடு தன் உடம்பைப் பார்த்துக்கொள்ள ஒன்றரை கிலோ அடர்தீவனம். அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ. பத்து லிட்டர் கறக்கிற மாட்டுக்கு ஐந்தரை கிலோ! நம்மில் பலர் வீட்டில் ஒரு நாளைக்குக் குடும்பமே அவ்வளவு சாப்பிடாது.

இதில் எது ஆகும், எது ஆகாது என்பது அங்கே சின்னப் பையனுக்குக்கூடத் தெரிகிறது. பூ எடுக்காத இளஞ்சோளப் பயிரை மாடு மேய்ந்தால் விஷம். மரவள்ளி இலையும் அப்படித்தான். இரண்டிலும் சயனைடு. மாட்டை இழுத்துக் கட்டிவிடுவார்கள். ஆனால் சந்தோஷத்தில் மட்டும் கோட்டை விட்டுவிடுகிறோம். மாட்டுப் பொங்கலன்று பாசத்தில் பானைப் பொங்கலையும் ஊட்டினால், கல்யாண வீட்டில் மிஞ்சின சோற்றைத் தொட்டியில் கொட்டினால், வயிறு புளித்து மாடு சாய்ந்துவிடும். அமில நோய் என்பார் கால்நடை டாக்டர். புல்லைத் தின்னப் படைத்த வயிற்றுக்குப் பந்தி ஒத்துக்கொள்ளாது!

சரி, மாடு என்ன தின்றாலும் அது அப்படியே நம் டம்ளருக்கு வந்துவிடுமா? இல்லை. மாடு ஒரு நல்ல வடிகட்டி.

உதாரணம், யூரியா. 'பாலில் யூரியா' என்றாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைத்து மாட்டுக்குக் கொடுக்கச் சொல்வதே விவசாய விஞ்ஞானம்தான். மாட்டின் முதல் இரைப்பையில் இருக்கிற நுண்ணுயிர்கள் அதைப் புரதமாக மாற்றிவிடும். இயற்கையிலேயே பாலில் கொஞ்சம் யூரியா உண்டு. பத்து லட்சத்தில் 700 பங்கு வரை சட்டமே அனுமதிக்கிறது. வைக்கோலில் யூரியா போட்டால் விஞ்ஞானம். கேனில் போட்டால் கிரிமினல்!

இன்னொன்று, தர்மபுரிக்கே உரிய புளோரைடு. நிலத்தடி நீரில் அது அதிகம். பல் பழுப்பேறும், போகப் போக எலும்பு கெடும். இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை ஜப்பான் கடனுதவியோடு கொண்டுவந்து 2013-ல் தொடங்கினார்கள். புளோரைடு தண்ணீரை அதிகம் குடித்தால் மாட்டுப் பல்லும் கெடும். தானம் கொடுத்த மாடாக இருந்தாலும் இங்கே பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான் வேண்டும்! ஆனாலும் அந்தப் புளோரைடை மாடு தன் எலும்பிலும் பல்லிலும் நிறுத்திக்கொள்கிறது. பாலுக்கு வருவது ரொம்பக் கொஞ்சம். தான் கஷ்டப்பட்டு நம்மைக் காப்பாற்றுகிறது.

அந்த வடிகட்டி தோற்றுப்போகிற இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் புண்ணாக்கு. நல்ல புண்ணாக்கு அல்ல, பூஞ்சை பிடித்த புண்ணாக்கு.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. என்ன நோய் என்று புரியாமல் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். துருவிப் பார்த்ததில் குற்றவாளி, பிரேசிலிலிருந்து தீவனத்துக்கு வந்த கடலைப் புண்ணாக்கு. அதில் வளர்ந்த ஒரு பூஞ்சை கக்கிய விஷத்துக்கு 'அஃப்ளடாக்சின்' என்று பெயரிட்டார்கள். ஈரமும் சூடும் சேர்ந்தால் நிலக்கடலையிலும், மக்காச்சோளத்திலும், பருத்திக்கொட்டையிலும், கொப்பரையிலும் அது வரும். கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே பட்டியலில் வைத்திருக்கிறது. மாடு அதைத் தின்றால் உடம்புக்குள் கொஞ்சம் உருமாறி, அஃப்ளடாக்சின் எம்-1 என்ற பெயரில் பாலில் இறங்கும். 'எம்' என்றால் மில்க்!

ஆபீஸ் வாசகர்கள் கணக்கில் புலி என்பதால் ஒரு கணக்கு. ஒரு கிலோ பூஞ்சைப் புண்ணாக்கில் 500 மைக்ரோகிராம் விஷம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் ஒன்றிரண்டு சதவீதம் பாலுக்கு வரும்; நன்றாகக் கறக்கிற மாட்டில் ஆறு சதவீதம் வரைகூட வரலாம். இரண்டு என்றே வையுங்கள்: 10 மைக்ரோகிராம். பத்து லிட்டர் பாலில் பிரித்தால் லிட்டருக்கு 1. இந்தியாவில் அனுமதித்த அளவு 0.5. ஆக, இரண்டு மடங்கு! ஐரோப்பாக்காரர்கள் வைத்திருக்கிற வரம்பு நம்முடையதில் பத்தில் ஒரு பங்குதான்.

பாலில் எதையோ கலக்கிறார்கள் என்பது நம் ஊர் டீக்கடையின் நிரந்தர விவாதம். 2017-ல் அன்றைய பால்வளத்துறை அமைச்சரே தனியார் பாலில் ரசாயனம் என்று சொல்லி, விவகாரம் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. ஆதாரம் இல்லாமல் பேசக்கூடாது என்று கோர்ட் தடை போட்டது. அதற்கு அடுத்த வருஷம், 2018-ல், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. முடிவு 2019-ல் வந்தது. 93 சதவீதம் பால் பாதுகாப்பானது. யூரியா, சோப்புத்தூள் மாதிரி கலப்படம் இருந்தது வெறும் 12 மாதிரிகளில். அதில் ஒன்றுகூட தமிழ்நாட்டுப் பால் இல்லை! காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

ஒரு நிமிஷம், உடனே இறக்கிவிடவும். அதே சோதனையில் 368 மாதிரிகளில் அஃப்ளடாக்சின் எம்-1 வரம்பைத் தாண்டியிருந்தது. மாநில வாரியாகப் பார்த்தால் முதலிடம் தமிழ்நாடு: 551 மாதிரிகளில் 88. டெல்லியும் கேரளமும் நமக்குப் பின்னால்தான்.

திருடன் கேன் பக்கம் வருவான் என்று நாம் காவல் இருந்தோம். அவன் தீவன மூட்டை வழியாக வந்திருக்கிறான்.

காய்ச்சினால் போகாதா? கிருமி சாகும், அதற்காகக் காய்ச்சியே தீர வேண்டும். இந்த விஷம் சூட்டுக்கு அசைந்துகொடுக்காது. தயிரானாலும் போகாது. பால்கோவாவுக்குச் சுண்டக் காய்ச்சினால் விஷமும் சேர்ந்து சுண்டும். இது பால் புரதத்தோடு ஒட்டுகிற சாதி என்பதால் நெய்யில் மட்டும் மிகக் குறைவு. நெய் ரோஸ்ட் பிரியர்கள் மூச்சு விடலாம்.

இதற்கு கம்பைநல்லூர்க்காரரை மட்டும் கூண்டில் ஏற்ற முடியாது. 'கெட்டுப்போச்சா? மாட்டுக்குப் போடு!' இது தமிழ்நாடு முழுக்க உள்ள பழக்கம். பச்சை படர்ந்த பிரெட், புழுத்த கடலை, பூசணம் பூத்த தேங்காய் எல்லாவற்றுக்கும் நாம் கண்டுபிடித்த குப்பைத்தொட்டி மாட்டின் வாய். பட்டணத்தில் இன்னும் மோசம். 2019-ல் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து டாக்டர்கள் எடுத்த பிளாஸ்டிக் 52 கிலோ! வெள்ளைக்காரன் மட்டும் என்ன ஒழுங்கு? கசாப்புக் கழிவை எலும்புத் தூளாக்கி, புல் தின்கிற மாட்டுக்குப் போட்டு மிச்சம் பிடித்தார்கள். 1986-ல் பிரிட்டனில் பைத்திய மாட்டு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 1996-ல் அது மனிதனையும் தாக்கியிருக்கலாம் என்று அரசே ஒப்புக்கொண்டது. லட்சக்கணக்கில் மாடுகளைக் கொன்றார்கள். நல்லவேளை, பால் வழியாக அது பரவியதாக இல்லை. மாடு, பன்றியின் இறைச்சித் தூளும் எலும்புத் தூளும் கறவை மாட்டுத் தீவனத்தில் கூடாது என்று இன்று நம் நாட்டிலும் விதி இருக்கிறது.

இந்த வியாதிக்கு வைத்தியம் ரொம்ப மலிவு. கடலையை நன்றாகக் காயவைத்துவிட்டுச் செக்குக்கு அனுப்ப வேண்டும். தீவன மூட்டையைத் தரையில் போடாமல், சுவரில் சாய்க்காமல், பலகை மேல் அடுக்க வேண்டும். மழைக்காலத்தில் மாதக்கணக்குக்கு வாங்கிக் குவிக்காமல் வாரத்துக்கு வாங்கலாம். கட்டி பிடித்ததை, முக்கை வாசனை அடிப்பதை, மனசைக் கல்லாக்கிக்கொண்டு தூக்கி எறிய வேண்டும். மாட்டின் பெருந்தன்மையைப் பாருங்கள்: கெட்ட தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பால் சுத்தமாகிவிடும். நமக்குக் கெட்ட பழக்கத்தை விட எத்தனை ஜனவரி ஒன்றாம் தேதி தேவைப்படுகிறது!

ஆனால் அந்த மூட்டையைத் தூக்கி எறிகிற நஷ்டம் யாருடையது? கொழுப்பைக் காட்டுகிற சொசைட்டி மெஷினில் பூஞ்சை விஷம் தெரியாது. நல்ல தீவனம் போட்டவருக்கும் பூசணப் புண்ணாக்கு போட்டவருக்கும் அதே ரேட்தான். மூன்று மாடு வைத்திருக்கிற ஒரு பெரியம்மாவிடம் இதைக் கேட்டால், தொட்டியில் தவிட்டைக் கலக்கியபடியே பதில் வருகிறது.

"எறியச் சொன்னா எறியறேன் தம்பி. எம்பேரனுக்கும் இந்தப் பாலைத்தானே ஊத்தறேன். ஆனா, தண்ணி கலந்தா காசைக் குறைக்கிறாங்க இல்ல... பூசணம் இல்லாத பாலுக்கு ஒரு ரூவா சேத்துக் குடுக்கச் சொல்லு. அப்புறம் பாரு, ஊர்ல ஒரு மூட்டைகூட ஈரத்துல கெடக்காது!"

ஊக்கத்தொகைக்கு ஃபைல் தயாரிக்கிற அதிகாரிகள் கவனிக்க: பொருளாதாரம் படிக்காத ஒருவர் சொன்ன யோசனை இது. பெரியம்மா கேட்பது ஒரு ரூபாய்தான்.