180 கிலோவும் நானும்



"சார் பெரிய வண்டி வாங்கிட்டாராமே?" என்று ஆளாளுக்குப் போனில் கேட்கிறீர்கள். உண்மைதான். 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50-தான் என் முதல் வண்டி. பிறகு எக்ஸ்எல். இப்போது அதே கம்பெனி 2025 அக்டோபரில் கொண்டுவந்த அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300. 299 சிசி, 180 கிலோ. இருக்கை உயரம் 835 மில்லிமீட்டர். உட்கார்ந்தால் என் கால்விரல் மட்டும்தான் தரையில் படும்.

மூன்றாம் நாள் ஒகேனக்கல் சாலையில் நாட்றாம்பாளையம் தாண்டி ஒரு ஜல்லி ஓரத்தில் நிறுத்தப்போய், வலப்பக்கம் சாய்த்துவிட்டேன். அடி இல்லை. ஆனால் தூக்க முடியவில்லை. மாலை ஐந்தரை மணி, யானை நடமாடும் காடு. பயந்துதான் போனேன். ஆடு ஓட்டி வந்த இருவர் தூக்கிக் கொடுத்தார்கள்.

வீட்டில் "வித்துடுங்க" என்றார்கள். தெரியாததைக் கேள் என்று உங்களுக்குச் சொன்னவன் நான். ஓசூரில் வேலை பார்க்கும் பழைய மாணவனைக் கூப்பிட்டேன். ஞாயிறன்று மைதானத்தில் பாடம் நடத்தினான்.

"இன்ஜினை அணைங்க சார். கியர்ல போடுங்க. வலப்பக்கம் விழுந்தா முதல்ல சைடு ஸ்டாண்டை இறக்குங்க. சீட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கால் பலத்துல பின்னால தள்ளுங்க."

நாலாவது முறை தூக்கிவிட்டேன். "வெரி குட் சார்" என்றான்!

வண்டியை விற்கவில்லை. நாலு மணிக்கு மேல் காட்டுச் சாலை இல்லை என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். கடைக்குப் போக எக்ஸ்எல் இருக்கிறது.