மாளிகை முற்றமும் மரத்தடி மன்றமும்

“கூட்டம் அங்கே இருக்க, கொள்கை பேச இங்கேயா வருவது?”

ட்விட்டர் எனும் மாநகரை விட்டு வெளியேறி, மஸ்டொடான் எனும் சிற்றூரில் நாம் குடியேறிய நாள்தொட்டுத் தோழர்கள் தொடுக்கும் கணை இது. கோபத்துடன் சிலர், கேலியுடன் சிலர், நம்பால் கொண்ட அன்பினால் கவலையுடன் சிலர் கேட்கின்றனர். கேட்கட்டும்! கேள்வி கேட்கக் கற்றுக் கொடுத்த இயக்கமன்றோ நம்முடையது!

ஆம், கூட்டம் அங்கேதான். அங்கே ஒரு சொல் உதிர்த்தால் ஓராயிரம் செவிகளில் விழும்; இங்கே உரக்கக் கூவினாலும் ஒரு திண்ணை அளவே கேட்கும். மாற்றுக் கருத்தினரும் அங்கேதான் உள்ளனர். தெளிந்தவரிடமே தெளிவு கூறிப் பயனென்ன? வலுவான வாதம்தான். எனினும் வெளியேறினோம்.

ஊர்ப் பொதுச் சாவடி என்றனர் அதனை. பொதுச் சாவடிக்கு உரிமையாளர் உண்டோ? 2022 அக்டோபரில் 4,400 கோடி டாலர் கொடுத்து ஈலான் மஸ்க் எனும் செல்வர் அதனை வாங்கினார். 2023 சூலையில் ‘எக்ஸ்’ என்று பெயரையும் மாற்றினார். கோடிக்கணக்கானோர் கூடிப் பேசும் இடம். சாவியோ ஒருவர் இடுப்பில்!

அவர் வருமுன்பு அங்கே நீதி கொலுவீற்றிருந்ததா என்றால், அதுவும் இல்லை. 2018 நவம்பரில் அந்நிறுவனத் தலைவர் ஜாக் டார்சி இந்தியா வந்தார். பார்ப்பனிய ஆணாதிக்கத்தை நொறுக்குவோம் எனும் பொருள்பட எழுதப்பட்ட பதாகையை ஏந்தி நின்றார். படம் வெளிவந்ததும் எழுந்த கூச்சல் கொஞ்சமா! நிறுவனத்தார் வருத்தம் தெரிவித்துப் பணிந்தனர். மறு ஆண்டு, மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கு முடக்கப்பட்டது. அவர் வைத்திருந்தது என்ன படம்? 1936இல், இட்லரின் ஆட்சியில், ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளத்தில் எல்லோரும் கை நீட்டி வணங்க, ஒருவன் மட்டும் கை கட்டி நிற்கும் புகழ்பெற்ற படம். வணங்க மறுத்தவன் படம் வெறுப்பூட்டும் படமாம்!

அந்த நாட்களில்தான், நீலக் குறி யாருக்குக் கிடைக்கிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்ற கேள்வியை ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த எழுத்தாளர்கள் எழுப்பினர். நமக்கோ அந்தக் குறி முப்புரி நூலையே நினைவூட்டிற்று. 2022 நவம்பரில் திங்களுக்கு 8 டாலர் கட்டுவோர்க்கு அக்குறி விற்பனைக்கு வந்தது. சமத்துவம் மலர்ந்ததென மகிழ்ந்தோரும் உண்டு! மேலிடத்தார் பார்த்து அளித்த மேன்மை போய், பணம் பார்த்து வாங்கும் மேன்மை வந்தது. பணம் கட்டியவர் மறுமொழி மேலே, கட்டாதவர் மறுமொழி கீழே.

இவை யாவினும் நம் மனத்தைத் தைத்தது 2022 டிசம்பரில் நடந்தது. மஸ்டொடானின் கணக்கை முடக்கினர். இதழாளர் சிலர் கணக்குகளையும் முடக்கினர். பிறகு, “இனி என்னை இன்ன தளத்தில் காணலாம்” என்று முகவரி கூறுவதே குற்றமென விதி வகுத்தனர். எதிர்ப்புக் கிளம்பவே விதி மறைந்தது. ஆனால் குணம் வெளிப்பட்டுவிட்டது. பண்ணையை விட்டுப் போகிறவன், போகுமிடத்தை உறவினர்க்கு உரைக்கலாகாதாம்!

மஸ்டொடானின் அமைப்பு வேறு. ஜெர்மனியில் ஆய்கன் ரோச்கோ எனும் இளைஞர் 2016இல் வெளியிட்டது அது. ஒரே மாளிகையன்று, பல வழங்கிகள், பல ஊர்கள். ஈரோட்டில் இட்ட கடிதம் காரைக்குடியில் கிடைப்பது போல, ஓரூரார் எழுதுவதை மற்றோரூரார் படிக்கலாம். ஊர்த் தலைவர் முறை தவறினால் வேறு ஊருக்குப் பெயரலாம். பின்தொடர்வோர் உடன் வருவர். எழுதியவை மட்டும் பழைய ஊரிலேயே தங்கிவிடும். இது குறைதான். வழங்கி நடத்துவோர் கைப்பணம் தீர்ந்து கதவடைப்பதும் உண்டு. குட்டிச் சமீன்தார்களாக மாறுவோரும் உண்டு. சாதி மனிதர் மூளையில் இருப்பதால், அவர் ஏறும் எவ்வூர்திக்கும் அது பயணச்சீட்டின்றியே வந்து சேரும். ஆனால், சாதி சொல்லி இழிவு செய்தவனைப் பற்றி முறையிட்டால், தமிழறிந்தோர் நடத்தும் வழங்கியில் அச்சொல்லின் நச்சுத்தன்மையை எவர்க்கும் மொழிபெயர்த்து விளக்க வேண்டியதில்லை. எட்டாத் தொலைவில், நம் தெருவின் பெயர்கூட அறியாத ஒருவர் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதுமில்லை.

2019இல் இந்தியாவிலிருந்து இங்கு வந்தவர் பலர், வந்த வேகத்திலேயே திரும்பினர். கைதட்டல் கேட்கவில்லை, கால் நிலைக்கவில்லை.

1925 நவம்பரில், வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்கு இடந்தர மறுத்த காஞ்சிபுரம் காங்கிரசு மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறினார். அன்று கூட்டம் எங்கிருந்தது? காங்கிரசில்தான்! ஆனால் அவர் வெறுங்கையுடன் வெளியேறவில்லை என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டுகிறோம். அவ்வாண்டு மே 2ஆம் நாளே ஈரோட்டில் ‘குடி அரசு’ பிறந்திருந்தது. தம் சொல்லைத் தாங்கத் தம் தாள் இருந்தது.

அங்கேயே நின்று வாதிடும் தோழர்களை நாம் குறை கூறோம். அவர்கள் படும் ஏச்சு நாம் அறியாததன்று. அவர்களிடம் கேட்பது ஒன்றே: அங்கே எழுதுவதில் ஒரு படியை இங்கேயும் இட்டு வையுங்கள். எவரோ ஒருவர் நள்ளிரவில் சாவியைத் திருப்பினால், மறுநாள் காலை உம்மைத் தேடி வருவோர்க்கு ஒரு முகவரி இருக்கட்டும்.