விலாங்குத் தோட்டம்

அரபியில் தஹப் என்றால் தங்கம். எகிப்தின் சினாய் தீபகற்பத்தில், ஷார்ம் எல் ஷேக்கிலிருந்து ஏறக்குறைய 85 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் கடற்கரை ஊர் அது. ஊருக்குப் பின்னால் புல் முளைக்காத செந்நிற மலைகள், முன்னால் அகாபா வளைகுடா, அக்கரையில் சவூதி அரேபியாவின் மலைகள். இங்கே முக்குளிக்கப் படகு வேண்டாம். கரையிலிருந்து நடந்தே கடலுக்குள் இறங்கிவிடலாம்.

நான் வந்தது தோட்ட விலாங்குகளைப் பார்க்க. மணலில் வளை அமைத்து, வாலை உள்ளே வைத்து, உடலில் பாதியை வெளியே நீட்டி, நீரோட்டம் கொண்டுவரும் மிதவை உயிர்களைக் கொத்தித் தின்னும் மீன்கள் அவை. நூற்றுக்கணக்கில் ஒரே திசை பார்த்து ஆடும்போது நாற்றங்காலில் காற்று புகுந்தது போலிருக்கும். முதல் நாள் சாதாரண ஸ்கூபா சிலிண்டரோடு போனேன். மூச்சை விட்டதும் குமிழிகள் கடகடவென்று ஏறின. நான் நெருங்க நெருங்க நாற்றங்கால் முழுக்க மணலுக்குள் போய்விட்டது. எஞ்சியது வெறும் தரை.

அடுத்த நாளுக்கு அரைமூடிய ரீபிரீதர் ஒன்றை எடுத்தேன். அதற்கான பயிற்சி ஏற்கெனவே எனக்கு உண்டு. நாம் வெளிவிடும் மூச்சிலும் ஏராளமான ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது. ஸ்கூபாவில் அது அப்படியே வீணாகிறது. 15 மீட்டர் ஆழத்தில், தரைமட்டத்தைவிட இரண்டரை மடங்கு வாயுவை ஒவ்வொரு மூச்சும் விழுங்கும். ரீபிரீதர் அந்த மூச்சைப் பையில் பிடித்து, சோடா சுண்ணாம்பு வழியாக அனுப்பிக் கரியமில வாயுவை நீக்கி, மறுபடி நமக்கே தருகிறது. செலவான ஆக்சிஜனை ஈடுகட்ட, ஊசிமுனைத் துளை ஒன்றின் வழியே, ஆக்சிஜனும் நைட்ரஜனும் சேர்ந்த நைட்ராக்ஸ் கலவை இடைவிடாமல் கசிந்துகொண்டே இருக்கும். எங்கள் கலவையில் ஆக்சிஜன் 40 சதவீதம். அந்தக் கலவை நிமிடத்துக்கு 10.4 லிட்டர் வரவேண்டும்.

காலையில் என் பயிற்றுநர் மேசைமேல் ஓட்டமானியைச் செங்குத்தாகப் பிடித்துச் சிலிண்டரைத் திறந்தார். உள்ளிருந்த குண்டு பாதி உயரத்தில் நின்றுவிட்டது. 5.2 லிட்டர்.

“இன்னும் கடல் பக்கம் திரும்பாதீங்க. முதலில் இது,” என்றார்.

கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினார். 5.2 லிட்டர் கலவையில் ஆக்சிஜன் 2.08 லிட்டர். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் உடலுக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் வேண்டியிருக்கும். அப்படியானால் மூச்சு சுழலும் அந்தச் சுற்றில் சிறிது சிறிதாக நைட்ரஜன் மட்டுமே தங்கும். இதில் கொடுமை, உடல் எச்சரிக்காது என்பதுதான். மூச்சுத் திணறலை உண்டாக்குவது பெரும்பாலும் கரியமில வாயு. அதைச் சுண்ணாம்பு எடுத்துவிடுவதால் திணறாமல், வலிக்காமல், நினைவு தப்பிவிடும்.

பிழையை ஒவ்வொரு படியாகத் தேடினோம். சிலிண்டர் வால்வு முழுதாகத் திறந்திருந்தது. ரெகுலேட்டரின் அழுத்தம் சரி. துளைப்பகுதியைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தியதும் குண்டு பத்துக்கு மேல் ஏறி நின்றது. குற்றம் துளையில். உருப்பெருக்கியில் பார்த்தபோது அங்கே வெள்ளையாக ஒரு பொருக்கு. உப்பு.

அது என் கைவேலை. முந்தைய மாலை, எடுத்துவந்த கருவியைக் கழுவுவதற்காகக் குழாயைக் கழற்றியவன், மூடியைப் போடாமலே அதைப் பொதுத் தொட்டியில் முக்கியிருந்தேன். பலரும் கழுவி அந்தத் தண்ணீரே உப்பாகியிருந்தது. உலகக் கடல்களில் லிட்டருக்கு சராசரி 35 கிராம் உப்பு என்றால், இந்த வளைகுடாவில் 40 கிராமுக்கும் மேல். இரவில் நீர் காய்ந்தது, உப்பு தங்கிவிட்டது.

ஊசியால் குத்திவிடலாமா என்று கேட்டேன். “கூடவே கூடாது. துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் அளவு மாறிவிடும்,” என்றார். அதை வெதுவெதுப்பான நன்னீரில் ஊறப்போட்டு ஒதுக்கிவைத்தார். புதிய துளையை மூன்று முறை அளந்தோம். சுண்ணாம்பைக் குடுவையில் கொட்டும்போது, படியில் அரிசி அளப்பதுபோலத் தட்டித் தட்டி நிரப்பினோம். இடைவெளி விட்டால் மூச்சு அந்த வழியே சுத்தமாகாமல் ஓடிவிடும். பிறகு சுற்றிலிருந்த வாயுவை உறிஞ்சி வாய்க்குழலை மூடினோம். பை சுருங்கியபடியே இருந்தது. ஊதி மூடினோம். உப்பியபடியே இருந்தது. எங்கும் ஒழுக்கில்லை. ஆக்சிஜன் உணரியையும் சரிபார்த்து முடித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

கடலுக்குள் இறங்கியதும் முதலில் வந்தது அமைதி. சில நொடிகளுக்கு ஒருமுறை தோளருகே மெல்லிய குமிழிச்சரம் கசிந்தது, அவ்வளவுதான். எங்கோ கிளிமீன்கள் பவளத்தைக் கடிக்கும் சத்தம், கற்கண்டைக் கடிப்பதுபோலக் கேட்டது. மணல் சரிவில் வயிறு படியப் படுத்து, கைமணிக்கட்டில் ஆக்சிஜன் எண்ணைப் பார்த்தேன். அது அசையாமல் நின்றது.

முதலில் ஒரு தலை எழும்பியது. பிறகு பத்து. பிறகு என்னைச் சுற்றிலும் தோட்டமே முளைத்துவிட்டது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு விலாங்கு தன் பெரிய கண்ணால் என்னைப் பார்த்தது. அப்புறம் நீரோட்டத்தின் பக்கம் திரும்பி, எதையோ கொத்தித் தின்றது. அது என்னை மறந்து தன் வேலைக்குப் போன அந்தக் கணத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று தோன்றியது.

கரையேறியதும் குழாயைக் கழற்றினேன். கையோடு மூடியை இறுக்கினேன். பிறகுதான் முகக்கண்ணாடியையே எடுத்தேன்.